லைட்டாவும் இருக்கணும், டச்சும் வேணும், கேமும் ஓடணும்: லேப்டாப் பாத்து வாங்கறது எப்படி

காலேஜ் பேக்ல போட்டு தூக்கிட்டு போற அளவுக்கு வெயிட் கம்மியா இருக்கணும், ஸ்கிரீன்ல பென் வச்சு நோட்ஸ் எழுதணும், ராத்திரி வந்து ஒக்காந்தா கேமும் திக்காம ஓடணும், இப்படி ஒரு லேப்டாப் இருக்கான்னு நெறைய பேர் கேக்கறாங்க. இருக்கு. ஆனா மூணும் சேந்து வர மாடல் ரொம்ப கொஞ்சம், வெலயும் ஜாஸ்தி, அதுலயும் ஒரே கிராஃபிக்ஸ் கார்டு பேர போட்டுக்கிட்டு ரெண்டு மெஷின் ரெண்டு விதமா ஓடும். ஸ்டிக்கர மட்டும் பாத்து வாங்கினா காசு வீணாயிடும். கார்டு பேர விட அதுக்கு எத்தன வாட் குடுத்திருக்காங்க, அந்த சூட்ட எப்படி வெளிய தள்றாங்க, இந்த ரெண்டத்தான் மொதல்ல பாக்கணும். கீழ நான் சொல்ற எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை.

மொதல்ல ஒரு கேள்வி, டச் எதுக்கு?

இத நீங்களே ஒக்காந்து யோசிச்சு முடிவு பண்ணணும், ஏன்னா டச்சுக்கு நீங்க குடுக்கற வெல பணம் மட்டும் இல்ல. மேல ஒரு கண்ணாடி வரும், அதனால வெயிட் கொஞ்சம் ஏறும், ட்யூப்லைட் வெளிச்சம் மூஞ்சில அடிக்கும், பேட்டரியும் கொஞ்சம் சீக்கிரம் எறங்கும், எல்லாத்துக்கும் மேல ஸ்கிரீன் ஒடஞ்சா கண்ணாடியும் பேனலும் ஒட்டியே வரதால பெரும்பாலும் முழு செட்டா மாத்தணும். அதுக்கு ஆகற செலவு சாதா பேனல விட எப்பவுமே கூட.

கேம் ஆடறதுக்கு டச் உதவுமான்னா, வேலரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ மாதிரி கேமுக்கு ஒண்ணுக்கும் ஆகாது, அங்க மவுஸும் கீபோர்டும் இல்ல கன்ட்ரோலரும்தான். கார்டு கேம், செஸ், டர்ன் பை டர்ன் ஸ்ட்ராடஜி, இதுல எல்லாம் விரலால ஆடறது நல்லாவே இருக்கும். சிவிலைசேஷன் 5ல விண்டோஸ் 8 வந்த காலத்துலயே டச்சுக்குன்னு தனி மோட் குடுத்தாங்க, பெட்ல சாஞ்சுக்கிட்டு அத ஆடறது தனி சுகம். மொபைல் கேம் எல்லாம் பெரிய ஸ்கிரீன்ல டச் பண்ணி ஆடலாம்னு நெனச்சு மட்டும் வாங்காதீங்க. விண்டோஸ் 11ல ஆண்ட்ராய்டு ஆப் ஓட வச்ச சப்சிஸ்டத்த மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சோட நிறுத்திட்டாங்க. ஆண்ட்ராய்டு ஃபோன் மாதிரி நடிக்கற எமுலேட்டர் சாஃப்ட்வேர் போட்டு ஆடலாம்தான், ஆனா ஒரு கிலோவுக்கு மேல இருக்கற ஸ்கிரீன ரெண்டு கையாலயும் புடிச்சு கட்டவெரலால சுட முடியாது.

அப்ப டச்சோட உண்மையான உபயோகம் பென்தான். மேத்ஸ் ப்ராப்ளம் போடறவங்க, டயக்ராம் வரையறவங்க, பிடிஎஃப்ல கோடு போட்டு படிக்கறவங்க, படம் வரையறவங்க, இவங்களுக்கு டச் லேப்டாப் நெஜமாவே வேணும். சும்மா ஸ்க்ரோல் பண்ண மட்டும்தான் டச் வேணும்னா கண்டிப்பா விட்ருங்க, அதே காசுக்கு டச் இல்லாத லைட் கேமிங் லேப்டாப் நல்ல கார்டோட வரும், மீதி காசுல ஒரு சாதா டேப்லெட்டே வாங்கலாம். இத நான் கேக்கறவங்ககிட்ட எல்லாம் மொதல்லயே சொல்லிடறது, பாதி பேருக்கு இங்கயே வேல முடிஞ்சிடும்.

பென் வேணும்னு முடிவாயிட்டா, பென் பாக்ஸ்லயே வருதா, தனியா வாங்கணுமான்னு பாருங்க. டச் இருக்கறதால மட்டும் பென் வேல செய்யும்னு அர்த்தம் இல்ல. மைக்ரோசாஃப்ட் பென் புரோட்டோகால் சப்போர்ட் இருக்கான்னு, அதாவது எம்பிபின்னு போட்டிருக்கான்னு ஸ்பெக்ல தேடுங்க, அது இருந்தா பின்னாடி வேற கம்பெனி பென்னும் வாங்கிக்கலாம். வாகாம் ஏஇஎஸ்னு இன்னொண்ணு இருக்கு, ரெண்டும் வேற வேற, ஒண்ணோட பென் இன்னொண்ணுல எழுதாது, ரெண்டுக்கும் சேத்து வர பென்னும் விக்கறாங்க. குரோம்புக்குக்கு வர யுஎஸ்ஐ பென்ன விண்டோஸ் லேப்டாப்க்குன்னு வாங்கிடாதீங்க.

லைட்டுன்னா எவ்வளவு லைட்?

கேமிங் லேப்டாப்னாலே ரெண்டரை கிலோ, அதுக்கு மேல ஒரு செங்கல் மாதிரி சார்ஜர்னு இருந்த காலம் மாறிடுச்சு. இப்ப 13 இன்ச்ல 1.3, 1.4 கிலோவுக்கு தனி கிராஃபிக்ஸ் கார்டோட வருது, 14ல இருந்து 16 இன்ச் வரைக்கும் 1.6ல இருந்து 2 கிலோ. ரெண்டு கிலோ தாண்டினா தெனமும் பஸ்ல தோள்ல மாட்டிக்கிட்டு போறவங்களுக்கு அத லைட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா ஸ்பெக்ல போட்டிருக்கற வெயிட் லேப்டாப்போட வெயிட் மட்டும்தான். சார்ஜர் அதுல சேராது, 200 வாட் சார்ஜர்னா வயரோட சேத்து அரை கிலோ பக்கம் வந்துடும். டேப்லெட் மாதிரி கீபோர்டு தனியா கழட்டற மாடல்னா இன்னும் கவனமா பாக்கணும், அங்க சில கம்பெனி கீபோர்டு இல்லாம வெயிட் போடுவாங்க. ஏசுஸ் ஆர்ஓஜி ஃப்ளோ இசட்13ன்னு ஒண்ணு இருக்கு, 2025 மாடல் டேப்லெட் மட்டும் 1.2 கிலோ, கீபோர்ட மாட்டினா 1.6 பக்கம் வந்துடும். அப்ப அது 14 இன்ச் சாதா லேப்டாப் வெயிட்தானே.

இதுக்கு ஒரு வழி டைப் சி சார்ஜிங். காலேஜ்லயோ ஆஃபீஸ்லயோ நோட்ஸ் எழுத, பிரௌஸ் பண்ண 65 வாட்டோ 100 வாட்டோ சின்ன டைப் சி சார்ஜர் போதும், பெரிய சார்ஜர் வீட்லயே பிளக்ல கெடக்கட்டும். அதனால வாங்கற மாடல் டைப் சில சார்ஜ் ஆகுமான்னு கண்டிப்பா கேளுங்க. ஆனா ஒண்ணு, அந்த சின்ன சார்ஜர போட்டுக்கிட்டு பெரிய கேம் ஆடினா கார்டுக்கு பவர் பத்தாது, ஃப்ரேம் எறங்கும், அதாவது படம் திக்கும், பிளக்ல இருக்கும்போதே பேட்டரி கொறையவும் செய்யும். கேம் ஆடறதுன்னா கம்பெனி குடுத்த சார்ஜர்தான்.

பேட்டரில கேம் ஆடற கனவும் வேண்டாம். பிளக்க எடுத்த ஒடனே கார்டு பவர கொறச்சுக்கும், எவ்வளவு பெரிய பேட்டரியா இருந்தாலும் பெரிய கேம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் தாங்கினாலே பெருசு. பிளைட்ல பர்மிஷன் கேக்காம எடுத்துட்டு போற பேட்டரிக்கு 100 வாட் அவர்தான் லிமிட், அதனாலதான் எந்த லேப்டாப்லயும் 99.9க்கு மேல பாக்க முடியாது, லைட் மாடல்ல பெரும்பாலும் 70, 75தான் இருக்கும்.

கார்டு பேரு ஒண்ணு, வாட் வேற

இதுதான் முக்கியமான விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டுன்னா, கார்ட செய்யற என்விடியா அத 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எந்த அளவுல வேணா செட் பண்ணிக்க லேப்டாப் கம்பெனிக்கு அனுமதி குடுத்திருக்காங்க. குண்டா இருக்கற கேமிங் லேப்டாப்ல அத 100, 115ல ஓட்டுவாங்க, மெல்லிசா இருக்கறதுல அதுல பாதிக்கு கீழகூட போகலாம். ரெண்டு பாக்ஸ்லயும் 4060ன்னு ஒரே பச்ச ஸ்டிக்கர்தான். டெல் எக்ஸ்பிஎஸ் 14ல 2024ல வந்த 4050 வெறும் 30 வாட், அதே 4050 ஒரு சாதா கேமிங் லேப்டாப்ல அதுக்கு மூணு மடங்கு பவர் குடிக்கும், ரெண்டும் ஒரே கேம ஒரே மாதிரி ஓட்டுமா என்ன? எக்ஸ்பிஎஸ் நல்ல மெஷின்தான், வீடியோ எடிட்டிங்குக்கு போதும், ஆனா கேமுக்குன்னு அத வாங்கறவங்க இத தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.

அதனால கம்பெனி சைட்ல அந்த மாடலோட ஸ்பெக் பேஜ்ல கீழ வரைக்கும் போய் டிஜிபின்னோ மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்னோ போட்டிருக்கற நம்பர தேடுங்க, பொடி எழுத்துல எங்கயாவது இருக்கும். கடைல டெமோ மெஷின் இருந்தா என்விடியா கன்ட்ரோல் பேனல ஓப்பன் பண்ணி, இடது பக்கம் கீழ மூலைல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு இருக்கறத அமுக்கினீங்கன்னா வர லிஸ்ட்ல மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும், வாட்டோட. ஒரு நிமிஷ வேல. சேல்ஸ் பண்றவர்கிட்ட கேட்டா பல சமயம் அவருக்கே தெரியாது, அவரோட தப்பும் இல்ல, நீங்களே பாத்துக்கங்க.

இதுல இருந்து வர இன்னொரு முடிவு, மெல்லிசான மெஷின்ல 4060க்கு பதிலா 4070 வேணும்னு ஆயிரக்கணக்குல கூடுதலா குடுக்காதீங்க. ரெண்டுலயும் விராம், அதாவது கார்டுக்குன்னே இருக்கற மெமரி, 8 ஜிபிதான், கம்மி வாட்ல ரெண்டும் கிட்டத்தட்ட பக்கத்து பக்கத்துலதான் நிக்கும். அந்த காச ரேமுக்கு போடுங்க. புது 50 சீரீஸ்லயும் 5060, 5070 ரெண்டுக்கும் லேப்டாப்ல 8 ஜிபிதான் குடுத்திருக்காங்க, 12 ஜிபி வேணும்னா 5070 டிஐ போகணும், அது டச்சோட லைட்டா வரது அபூர்வம்.

விராம் பத்தி சுருக்கமா சொல்றேன். 4 ஜிபி இருக்கறத இப்ப வாங்காதீங்க. 6 ஜிபின்னா கேம் செட்டிங்ஸ்ல டெக்ஸ்சர மீடியம்ல வச்சு 1080பில (ஃபுல் எச்டி) ஆடலாம். 8 ஜிபி இருந்தா 1080பில பெரும்பாலான கேமுக்கு இப்போதைக்கு போதும்.

தனி கார்டு இல்லாமலே ஆடலாமா?

நீங்க என்ன ஆடறீங்கன்றத பொறுத்து, தாராளமா. ஏஎம்டி ரேடியான் 780எம், 890எம், இன்டெல் ஆர்க் 140வி, 140டி, இந்த மாதிரி ப்ராசசர்குள்ளயே வர கிராஃபிக்ஸ் இப்ப பழைய நெனப்புல இருக்கற ஆன்போர்டு கிராஃபிக்ஸ் இல்ல. வேலரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5, ஃபுட்பால் கேம் எல்லாம் செட்டிங்ஸ கொஞ்சம் கொறச்சா 1080பில நல்லாவே ஓடும். ஒரு லட்சத்துக்கு கீழ பட்ஜெட்னா டச்சும் லைட்டும் கேமும் சேந்து கெடைக்கற வழி இதுதான், இந்த வெலைல தனி கார்டோட டச்சோட லைட்டா புதுசா தேடினா டைம்தான் போகும். எச்பி என்வி எக்ஸ்360, லெனோவோ யோகா 7 டூ இன் ஒன் மாதிரி திருப்பி மடிக்கற லேப்டாப்கள்ல 1.4, 1.6 கிலோவுல பென் சப்போர்ட்டோட வரும், ப்ராசசர் பேர மட்டும் சரியா பாத்து எடுங்க, ஏன்னா அதே மாடல் பேர்ல கம்மி ப்ராசசரும் கம்மி கிராஃபிக்ஸும் போட்டு விக்கறாங்க.

இந்த வகைல ரேம் ரொம்ப முக்கியம். தனியா விராம் கெடையாது, கிராஃபிக்ஸும் ரேமத்தான் எடுத்துக்கும். சிங்கிள் சேனல்ல ஒரே ரேம் போட்டு வந்தா கிராஃபிக்ஸுக்கு போற டேட்டா வேகம் பாதியாயிடும், ஃப்ரேமும் அப்படியே விழும். 16 ஜிபி டூயல் சேனல், அதாவது டேட்டாவுக்கு ரெண்டு வழி, குறைஞ்சபட்சம், 32 இருந்தா நிம்மதி.

இதே வகைல ஒரு பெரிய அண்ணன் இருக்கு, ஏஎம்டி ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395. மேல சொன்ன ஃப்ளோ இசட்13 2025 மாடல்ல வர்றது அதுதான், படம் வரையற 40 கம்ப்யூட் யூனிட்டோட ரேடியான் 8060எஸ் கிராஃபிக்ஸ், லேப்டாப் 4060 பக்கத்துல வந்து நிக்குது, தனி கார்டே இல்லாம. 13.4 இன்ச், 180 ஹெர்ட்ஸ் (ஒரு செகண்டுக்கு 180 தடவ படம் மாறும்) டச், பின்னாடி ஸ்டாண்டு. காசு இருக்கறவங்களுக்கு மனசார சொல்லுவேன், இப்போதைக்கு இந்த மூணு ஆசையும் சேந்து நெறைவேறற மெஷின் அது. ஒரே கொற, மடில வச்சு டைப் பண்ணினா அந்த ஸ்டாண்டோட விளிம்பு தொடைல அழுத்தும், கீபோர்டும் லேசா ஆடும். டேபிள்லயே வேல பாக்கறவங்களுக்கு பிரச்சன இல்ல.

ஸ்னாப்டிராகன் போட்ட லேப்டாப் வாங்கலாமான்னு கேட்டா, கேமுக்குன்னா வேண்டாம். சர்ஃபேஸ் ப்ரோ 11, சர்ஃபேஸ் லேப்டாப் 7 எல்லாம் பாக்க அழகு, லைட்டு, டச்சு, பேட்டரி நாள் பூரா வரும், படிப்புக்கு அருமை. ஆனா உள்ள இருக்கறது ஆர்ம்னு வேற வகை ப்ராசசர், இன்டெல், ஏஎம்டிக்குன்னு எழுதின பல கேம் ட்ரான்ஸ்லேட் ஆகித்தான் ஓடுது, ஏமாத்தி ஆடறவங்கள புடிக்கற ஆன்டி சீட் சாஃப்ட்வேர் இருக்கற ஆன்லைன் கேம் சிலது தொறக்கவே தொறக்காது, வேலரண்டோட ஆன்டி சீட்டான வேன்கார்டு அதுல ஓடறதில்ல. கடைல லைட்டா டச்சோட இருக்கேன்னு எடுத்துட்டு வந்து வீட்ல இன்ஸ்டால் பண்ணும்போதுதான் பலருக்கு இது தெரியுது.

ஸ்கிரீன்ல என்ன பாக்கணும்

ரெசல்யூஷன் ஜாஸ்தியா இருந்தா நல்லதுன்னு நெனைக்கறோம், கேமுக்கு அது சொமதான். 1920 பை 1200ன்னா 23 லட்சம் பிக்சல், 2560 பை 1600ன்னா 41 லட்சம், 2880 பை 1800ன்னா 52 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு அத்தனையும் வரையணும். கம்மி வாட் கார்ட போட்டு 52 லட்சம் பிக்சல் ஸ்கிரீன குடுக்கறாங்க, அப்ப கேம்ல ரெசல்யூஷன கொறச்சோ, சின்னதா வரைஞ்ச படத்த பெருசாக்கி காட்டற டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டோதான் ஆடணும். அதுல தப்பில்ல, 13 இன்ச்ல வித்தியாசம் கண்ணுக்கு பெருசா தெரியாது, ஆனா அந்த ஸ்கிரீனுக்காக கூட காசு குடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க.

ஹெர்ட்ஸ் 120க்கு கீழ போகாதீங்க, ஷூட்டர் ஆடறவங்களா இருந்தா. ஏசுஸ் ப்ரோஆர்ட் பிஎக்ஸ்13 நல்ல உதாரணம், 1.38 கிலோ, சுத்தி மடிக்கலாம், ஒவ்வொரு பிக்சலும் தானே வெளிச்சம் குடுக்கற ஓலெட் டச், பென்னு, 4050ல இருந்து 4070 வரைக்கும் கார்டு, கேட்டதெல்லாம் இருக்கு, ஆனா ஸ்கிரீன் 60 ஹெர்ட்ஸ். கதை கேம் ஆடறவங்களுக்கும் படம் வரையறவங்களுக்கும் அது தங்கமான மெஷின், வேலரண்ட்ல ரேங்க் ஏறணும்னு நெனைக்கறவங்களுக்கு வீட்ல தனி மானிட்டர் இல்லாம அது ஆகாது.

ஓலெட்ல கலரும் கருப்பும் அள்ளும், வேகமும் நல்லா இருக்கும். ஆனா டச் ஓலெட்ல வெள்ள பக்கத்த கிட்ட வச்சு பாத்தா சிலதுல பொடி மணல் தூவின மாதிரி ஒரு கிரெய்ன் தெரியும், டச் லேயரால வர்றது. சிலருக்கு தெரியவே தெரியாது, சிலருக்கு ஒரு தடவ தெரிஞ்சா அப்பறம் அதுதான் கண்ணுல நிக்கும். கடைல ஒரு வெள்ள டாக்குமென்ட்ட தொறந்து வச்சு பாருங்க. ஒரே கேம தெனம் மணிக்கணக்கா ஆடறவங்களுக்கு மேப், ஹெல்த் பார் மாதிரி அசையாம நிக்கற எடத்துல பர்ன் இன், அதாவது படம் ஸ்கிரீன்லயே தழும்பா பதியறது, வரவும் வாய்ப்பு இருக்கு, அவங்களுக்கு ஓலெட் இல்லாத ஐபிஎஸ் ஸ்கிரீன்தான் சரி.

சூடு

நம்ம ஊர் வெயிலுக்கு இத தனியா சொல்லியே ஆகணும். ரிவ்யூ பண்றவங்க பல பேர் 20, 22 டிகிரி ரூம்ல ஒக்காந்து டெஸ்ட் பண்றாங்க. சென்னைலயோ வேலூர்லயோ மே மாசம் வெளிய 40 டிகிரி அடிக்கும்போது ஏசி இல்லாத ரூம் 34, 35ல இருக்கும், ஃபேன் உள்ள இழுக்கற காத்தே சூடு, அப்ப ரிவ்யூல பாத்த ஃப்ரேம் உங்களுக்கு வராது. மெல்லிசான பாடில சூடு போக எடமும் கம்மி. கார்டு 85 டிகிரி தாண்டறப்பவே வேகத்த கொறைக்க ஆரம்பிச்சிடும், ப்ராசசர் 95, 100ல கொறைக்கும். அதனால ரிவ்யூ பாக்கும்போது மொத அஞ்சு நிமிஷ ஸ்கோர விட்டுட்டு, அரை மணி நேரம் ஓடினப்பறம் எத்தன வாட்ல நிக்குதுன்னு காட்டற ரிவ்யூவ தேடி படிங்க, நோட்புக்செக் சைட்ல ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டு, ஃபேன் சத்தம், கீபோர்டு சூடு வரைக்கும் தனித்தனியா போடுவாங்க.

டச் லேப்டாப்க்கு இங்க ஒரு நல்லது இருக்கு. சுத்தி மடிக்கற மாடல கூடாரம் மாதிரி நிக்க வச்சு, கன்ட்ரோலர கைல எடுத்துக்கிட்டு ஆடினா அடிப்பக்கம் இருக்கற காத்து ஓட்டை எல்லாம் டேபிள்ல அடைபடாம தொறந்தே இருக்கும், ஸ்கிரீனும் கிட்ட வரும், கீபோர்டு சூடும் கைல படாது. சுத்தி மடிக்கற ஏசுஸ் ஃப்ளோ எக்ஸ்13 மாதிரி மாடல்ல எனக்கு புடிச்சதே இந்த போஸ்தான். டேப்லெட் டைப்ல சூடு எல்லாம் ஸ்கிரீனுக்கு பின்னாடி, மேல் பக்கம் காத்து போகும், கீபோர்டு ஜில்லுன்னு இருக்கும், ஆனா ஆடும்போது ஸ்கிரீன தொட்டா சுடும். பெட்ஷீட் மேல, தலகாணி மேல வச்சு எதையும் ஆடாதீங்க.

பின்னாடி மாத்த முடியாதது

லைட் லேப்டாப்ல ரேம போர்டுலயே சால்டர் பண்ணிடறாங்க, அப்பறம் கூட்ட முடியாது. இன்னைக்கு 16தான் முடியும்னா எடுங்க, ஆனா தனி கார்டு இல்லாத மெஷின்னா எப்படியாவது 32 பாருங்க. எஸ்எஸ்டி மாத்தலாம், ஆனா ஃப்ளோ சீரீஸ் மாதிரி சின்ன பாடில 2230ன்னு குட்டி சைஸ்தான் போகும், சாதாரணமா கெடைக்கற 2280 உள்ள நுழையாது, குட்டி சைஸ் வெலயும் கூட. பெரிய கேம் ஒவ்வொண்ணும் 100 ஜிபி கேக்குது, 512 ஜிபில விண்டோஸ் போக மூணு கேம் போட்டா முடிஞ்சுது. 1 டிபியா வாங்கிடுங்க.

கொஞ்சம் பெருசா இருந்தாலும் பரவால்லன்னா சாம்சங் கேலக்ஸி புக்4 அல்ட்ரா பாக்கலாம், 16 இன்ச் டச், 120 ஹெர்ட்ஸ், 1.86 கிலோ, 4050 இல்ல 4070. எச்பி ஸ்பெக்டர் எக்ஸ்360 16ல 4050 போட்ட வேரியண்ட் இருக்கு, சர்ஃபேஸ் லேப்டாப் ஸ்டுடியோ 2ல 4050, 4060 வரும், அதோட ஸ்கிரீன முன்னாடி இழுத்து சாய்ச்சு எழுதற வசதி வேற எதுலயும் அந்த அளவுக்கு இல்ல, ரெண்டும் ரெண்டு கிலோ பக்கத்துல. ஒருத்தருக்கு கேம்தான் முக்கியம், டச் சும்மா ஒரு ஆசைன்னா ஆர்ஓஜி ஆலி மாதிரி கைல புடிச்சு ஆடறதையும் யோசிக்கலாம், மொத ஆலி 608 கிராம்தான், டச்சும் இருக்கு, படிப்புக்கு இருக்கற லேப்டாப் அப்படியே இருக்கட்டும். சொந்தக்காரங்க அமெரிக்காவுல இருந்தோ துபாய்ல இருந்தோ வாங்கிட்டு வராங்கன்னா அந்த மாடலுக்கு இங்க வாரண்டி உண்டான்னு கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு அப்பறம் பணம் அனுப்புங்க.

கடைல நின்னு செய்ய வேண்டியது

ஆன்லைன்ல வெல கம்மியா இருந்தாலும் ஒரு தடவ நேர்ல தொட்டு பாத்துடுங்க, பெரிய ஷோரூம்லயோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எடத்துலயோ டெமோ பீஸ் இருந்தா போதும். லேப்டாப்பா தொறந்து வச்சு ஸ்கிரீனோட மேல் மூலைல விரலால தட்டுங்க, ஸ்கிரீன் ஆடி நிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கவனிங்க, கீல் லூசா இருந்தா எழுதற ஒவ்வொரு எழுத்துக்கும் அது தலையாட்டும். அப்பறம் பெயின்ட்ட ஃபுல் ஸ்கிரீன்ல தொறந்து விரலாலயே ஸ்கிரீன் பூரா இடைவெளி விடாம தேச்சு கலர் அடிங்க, எங்கயாவது கோடு விட்டுப் போச்சுன்னா அங்க டச் செத்துப்போச்சு. பென் இருந்தா ஸ்கேல் வச்சு சாய்வா ஒரு கோட்ட ரொம்ப மெதுவா இழுங்க, பென்ன படிக்கற லேயர், அதாவது டிஜிடைசர், நல்லதா இருந்தா கோடு நேரா வரும், சுமாரானதுல அலையலையா வரும். உள்ளங்கைய ஸ்கிரீன் மேல வச்சுக்கிட்டே எழுதி பாக்கவும் மறக்காதீங்க.

சார்ஜர் மாட்டியும் ஒரு தடவ தொட்டு பாருங்க. இது நம்ம வீடுகள்ல அடிக்கடி வர்ற பிரச்சன: மெட்டல் பாடி லேப்டாப், பிளக் பாயின்ட்ல எர்த்து சரியில்ல, இல்ல ரெண்டு பின் அடாப்டர்ல மாட்டியிருக்கு, அப்ப சார்ஜ் ஏறும்போது பாடிய தடவினா சுர்ருன்னு ஒரு மெல்லிய அதிர்வு தெரியும், டச்சும் தானா எங்கயோ அமுங்கும், பென் கோடு நடுங்கும். லேப்டாப் போச்சுன்னு சர்வீஸ்க்கு தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி சார்ஜர கழட்டிட்டு பாருங்க, சரியாயிடுச்சுன்னா எலக்ட்ரீஷியன கூப்ட்டு எர்த்த பாக்க சொல்லுங்க, மூணு பின் சாக்கெட்ல நேரா மாட்டுங்க.

பில் போடும்போது ஆக்சிடெண்டல் டேமேஜ் கவர் சேத்து வாங்குங்க, டச் லேப்டாப்க்கு மட்டும் நான் இத கட்டாயம்னே சொல்றேன். சாதா வாரண்டில ஒடஞ்ச கண்ணாடிக்கு இடமே இல்ல.

வீட்டுக்கு வந்தப்பறம்

விண்டோஸ் செட்டிங்ஸ்ல ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதுக்குள்ள டச்னு இருக்கும், அங்க மூணு விரல் நாலு விரல் ஜெஸ்சர ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா ஆட்டத்துக்கு நடுவுல கை பட்டு கேம் மினிமைஸ் ஆகும். ஷூட்டர் ஆடறப்ப டச்சே வேண்டாம்னா டிவைஸ் மேனேஜர்ல ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்குள்ள எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்னு ஒண்ணு இருக்கும், ரைட் கிளிக் பண்ணி டிசேபிள் குடுங்க, வேணும்னா திரும்ப எனேபிள். பெரும்பாலும் பிளக்லயே இருக்கப்போகுதுன்னா கம்பெனி ஆப்ல பேட்டரி சார்ஜ் லிமிட்ட 80 பர்சென்ட்ல வைங்க.

ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள பண்ண வேண்டியது ரெண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட்ல powercfg /batteryreport அடிச்சு பேட்டரி ரிப்போர்ட் எடுத்து டிசைன் கெப்பாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் பக்கத்துல பக்கத்துல இருக்கான்னு பாருங்க, புது மெஷின்ல ரொம்ப கீழ இருந்தா அது டெமோ பீஸாவோ ரொம்ப நாள் கெடந்ததாவோ இருக்கலாம். அப்பறம் ஏசி போடாம, மத்தியான நேரத்துல, உங்க கேம ஒரு மணி நேரம் ஆடுங்க, சூடும் பவரும் காட்டற எச்டபிள்யூஇன்ஃபோ ஆப்ப பின்னாடி ஓட விட்டு கார்டோட வாட்டையும் டிகிரியையும் குறிச்சு வைங்க. ஸ்பெக்ல 100 வாட்னு போட்டுட்டு பத்தாவது நிமிஷத்துல இருந்து 50லயே நின்னா, அந்த ஸ்கிரீன்ஷாட்டோட கஸ்டமர் கேர்ல கம்ப்ளைன்ட் போடுங்க, சரி பண்ணித் தரலன்னா திருப்பிக் குடுத்துடுங்க.